பதிய இடமில்லாத மருந்து

முதலில் போனது வலது கண். அப்போது நாங்கள் ஹொலண்டில் இருந்தோம். ஒரு காலை எழும்பிச் சமைக்கப் போனபோது தக்காளியின் சிவப்பு எனக்கு மண் நிறமாகத் தெரிந்தது. சில நாட்களில் அந்தக் கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்து நின்றது. கண் நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லி அங்கே மருந்து ஏற்றினார்கள். பார்வை திரும்பியது. வேறு எதற்காவது இது தொடக்கமாக இருக்கலாம் என்று அந்த டொக்டர் சொன்னதை நானும் பாலாவும் வீட்டுக்கு வரும் வழியிலேயே விட்டுவிட்டோம்.

பாலா என் கணவர். லண்டனுக்கு வந்து நோர்பரியில் வீடு எடுத்து, தோர்ன்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை போட்டு, அது காலூன்றிய பிறகுதான் என் கால்கள் தடுமாறத் தொடங்கின. விரல்கள் மரத்தன. பஸ்ஸில் ஏறும்போது வலது கால் படியைத் தவறவிட்டது. தலையை ஸ்கான் செய்தார்கள், முதுகெலும்புக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றார்கள். மூளையிலிருந்து செய்தி கொண்டு போகும் நரம்புகளைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே அந்த உறையை அரிக்கிறதாம். உறை போன இடத்தில் செய்தி திக்கும், பிறகு நிற்கும்.

கால்கள் மெல்ல மெல்லச் சோர்ந்து விழும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். இந்த 2009ஆம் ஆண்டு பிறந்தபோது வந்தது இறுக்கம். தசையைத் தளர்த்தச் சொல்லும் செய்தி வந்து சேராததால் தசை இழுத்துப் பிடித்தபடியே நின்றுவிடும். ஸ்பாஸ்டிசிட்டி என்பது ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர். கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபோது என் கால் தன்பாட்டில் உதைத்து நீண்டது. நான் அரிசி மூட்டைகளுக்கு மேல் விழுந்தேன். என்னைத் தூக்க வந்தவர்களால் என் முழங்காலை மடக்க முடியவில்லை. ஒரு வாடிக்கையாளர், பாவம், வயதானவர், என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

சிறுநீரில் கிருமி, அதனால்தான் இறுக்கம் இவ்வளவு கூடியது என்று சொல்லி வார்டில் அனுமதித்தார்கள். கிருமி போனது. இறுக்கம் போகவில்லை.

என் இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. என்னைக் கழுவுவதற்கு இரண்டு நேர்ஸ்மார் வந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து மெதுவாகப் பிரிப்பார்கள். கையை எடுத்ததும் கால்கள் திரும்பி அறைந்து மூடும். முழங்காலின் உட்பக்கத் தோல் உராய்ந்து சிவந்து, பிறகு வெடித்தது. நடுவில் ஒரு தலையணை வைத்தார்கள். அந்தத் தலையணையை என் கால்கள் எப்படி நசுக்கி வைத்திருந்தன என்பதைக் காலையில் பார்க்கும்போது அவை என்னுடைய கால்கள் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

முதல் மாத்திரை இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் என்னை முழுநாளும் நித்திரையில் தள்ளியது, பேச்சு குழறியது. இரண்டாவது மாத்திரை ஈரலைத் தாக்குகிறது என்று இரத்தப் பரிசோதனை காட்ட, நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நரம்பு நோய் நிபுணர் ஒருநாள் கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். உயரமானவர், மெதுவாகப் பேசுபவர். அவர் நின்றபடி பேசியவரைக்கும் எனக்குப் பயம் வரவில்லை. கதிரையில் இருந்ததும் வந்தது.

“ஃபீனோல் என்று ஒன்று இருக்கிறது,” என்றார். “முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் ஊசியாகப் போடுவோம். அது நரம்பைக் கொன்றுவிடும். இறுக்கம் போய்விடும்.”

“வேறு என்ன போகும்?”

“கால்களில் உணர்வு போகலாம். சிறுநீர், மலம், அந்தக் கட்டுப்பாடும் போகலாம். போனால் திரும்பி வராது. இன்று முடிவு சொல்ல வேண்டியதில்லை.”

என் பக்கத்துக் கட்டிலில் ஜீன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். எனக்கு வந்த நோய்தான் அவளுக்கும், என்னைவிட நீண்ட காலமாக. டொக்டர் போன பிறகு அவள் திரைச்சீலையை விலக்கி, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள்: “புகைத்துப் பார்த்தாயா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளுடைய மகன் வீட்டின் பின்னறையில் கஞ்சாச் செடி வளர்த்து அவளுக்குக் கொடுத்திருக்கிறான். அதை எடுத்த காலத்தில் அவளால் தன் காலுறையைத் தானே போட முடிந்ததாம். பிறகு ஒருநாள் பொலிஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. செடிகளைப் பிடுங்கிக் கறுப்புப் பைகளில் கொண்டுபோனார்கள். மகனின் வழக்கு இன்னும் முடியவில்லை. “கதவு இப்போதும் சரியாகப் பூட்டாது,” என்றாள். அதைத்தான் அவள் அதிகம் சொன்னாள், கதவைப் பற்றி.

அந்த மாதங்களில் என்னைப் பார்க்க வந்த சனம் எல்லாம் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ரோட்டில் நின்றுவிட்டு வந்த சனம். குரல் அடைத்திருக்கும். கட்டிலைச் சுற்றி நின்று போனைப் பார்ப்பார்கள். ஊரில் யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. என் நோயைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. பாலா மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வெந்நீரில் துணி நனைத்து என் பாதங்களைத் துடைப்பார். அவருடைய அக்காவின் குடும்பத்திடமிருந்து செய்தி இல்லாத நாட்கள் அவை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். ஈரக் கையோடு எடுப்பார்.

ஹொலண்டிலிருந்து சாந்தி அக்கா அழைத்தது அப்போதுதான். அங்கே எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர்; வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

“சுகி, இஞ்ச உன்னைப் போல ஒரு மனுசிக்கு டொக்டர் துண்டு எழுதிக் குடுக்கிறார். மருந்துக்கடையில போய்ச் சின்ன வெள்ளை டப்பாவில கஞ்சா வாங்கிக்கொண்டு வாறா. களவா இல்லையடி, கடையில. லண்டனில இதுக்குப் பேர் பதியிற இடம் ஒண்டு இருக்கும்தானே. கேட்டுப் பார்.”

அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது. கேட்க ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

மோரீன் என்று ஓர் ஐரிஷ் நேர்ஸ். இந்த நோய்க்காரரை மட்டும் பார்ப்பது அவள் வேலை. மறுநாள் அவள் வந்தபோது பாலாவும் இருந்தார். கஞ்சா மருந்துக்கு நோயாளியாகப் பதிவது எப்படி, எந்த ஒபிஸ், என்ன தகுதி வேண்டும் என்று நேராகக் கேட்டேன்.

மோரீன் சிரிக்கவில்லை. “இந்த நாட்டில் பதிவேடு இல்லை,” என்றாள். “அட்டை இல்லை, ஒபிஸ் இல்லை. அமெரிக்காவில் சில இடங்களில் இருக்கிறது, கனடாவில் இருக்கிறது. இங்கே இந்த வருடத் தொடக்கத்தில்தான் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். வருத்தக்காரர் என்பதால் பொலிஸ் உங்களை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.”

“ஹொலண்டில வாங்கிக்கொண்டு வந்தால்?” என்றார் பாலா.

“நீங்கள் வசிப்பது இங்கே. எனக்குத் தெரிந்தவரையில் அனுமதிக்க மாட்டார்கள்.”

பிறகு அவள் குரலைத் தணித்து, ஒரே ஒரு வழி இருக்கிறது என்றாள். அந்தச் செடியின் சாற்றிலிருந்து செய்த ஸ்பிரே ஒன்று. நாக்குக்குக் கீழே அடிப்பது. அதற்கு இங்கே இன்னும் உரிமம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நிபுணர், இன்ன நோயாளிக்கு இது வேண்டும், பொறுப்பு என்னுடையது என்று பெயர் சொல்லி எழுதினால் வரவழைக்கலாம். செலவுக்கு உள்ளூர் சுகாதாரக் குழு சம்மதிக்க வேண்டும். நோய் உறுதியாகியிருக்க வேண்டும், மற்ற மாத்திரைகள் எல்லாம் கொடுத்துப் பார்த்துச் சரிவராமல் போயிருக்க வேண்டும், இதயம் நன்றாக இருக்க வேண்டும். முதலில் கொஞ்சக் காலம் கொடுத்துப் பார்ப்பார்கள், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்குப் பொருந்தியது.

“கடைசியாக ஒரு கேள்வி. உங்களுக்கோ, உங்கள் பெற்றோருக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ மனநோய் இருந்திருக்கிறதா? இல்லாத குரல் கேட்பது, பிறர் தன்னைக் கொல்ல வருவதாக நம்புவது, அந்த மாதிரி?”

“ஒருத்தருக்கும் இல்லை,” என்றார் பாலா ஆங்கிலத்தில். மிக விரைவாகச் சொன்னார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தமிழில், மோரீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீர் பேசாமல் இரும் சுகி. சொன்னால் தரமாட்டினம்.”

“ஏன் கேட்கிறீர்கள்?” என்று மோரீனிடம் கேட்டேன்.

“ஏனென்றால் அந்த மருந்து சிலருக்கு அதே கதவைத் திறந்துவிடும்,” என்றாள்.

எனக்கு ஒரு தம்பி. பெயர் நந்தன். என்னோடு சண்டை போட்டு, என் சைக்கிளில் பின்னால் இருந்து, என் கொப்பிகளில் கிறுக்கி வளர்ந்தவன். கொழும்பில் அறை எடுத்துப் படிக்கப் போனவன் ஒரு வருடத்துக்குள், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றியே வாசிக்கிறார் என்று சொல்லத் தொடங்கினான். சாப்பாட்டைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். அவனும் அறையில் இருந்த பெடியளும் கஞ்சா புகைத்தார்கள் என்று பிறகு ஒருவன் சொன்னான். எது முதலில் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது அவன் நீர்கொழும்புப் பக்கம் ஒரு காப்பகத்தில் இருக்கிறான். போனில் என் குரலைக் கேட்டால், அக்கா மாதிரிக் கதைக்கப் பழகிய வேறு யாரோ என்று சொல்வான். பாலாவின் வீட்டாருக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணம் பேசும்போது வெளிநாட்டில் என்று சொல்லிவிட்டோம். பாலாவுக்கு மட்டும் நான் சொன்னேன்.

நான் மோரீனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பாலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “சொன்னது நல்லது,” என்றாள். ஆனால் அவள் முகத்தில் ஏற்கெனவே பதில் இருந்தது. நிபுணர் பெருந்தன்மையோடு விண்ணப்பம் எழுதினார். மனநல டொக்டர் ஒருவர் பார்த்த பிறகே மருந்து என்ற நிபந்தனையோடு. ஃபீனோலைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டார்கள். கவுன்சில் ஏற்பாட்டில் காலையில் ஓர் உதவிப் பெண் வருவாள். தனியாக என் கால்களைப் பிரிக்க அவளால் ஏலாது. முழங்காற் புண் ஆழமாகிக்கொண்டே போனது. வீட்டுக்கு வரும் மாவட்ட நேர்ஸ் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, எலும்பு வரைக்கும் போக விடக்கூடாது என்றாள். கோடை வந்தது. தெருவில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வானுக்குப் பின்னால் ஓடும் சத்தம் கேட்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

மோரீன் அழைத்தாள். குழு மறுத்துவிட்டது. ஆதாரம் போதாது, இந்தக் குடும்ப வரலாற்றில் ஆபத்தும் கூட என்று காரணம். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள்.

பாலா கேட்டுக்கொண்டு நின்றார். “நான் இல்லையெண்டு சொன்னனான்,” என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கடைக்குப் போகும்போது என்னிடம் சொல்லாமல் போனார்.

சில நாட்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை உதவியாளிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் தாண்டி வந்தார். ரெய்னர்ஸ் லேனில் கஞ்சா விற்கிற ஒருவனை யாரோ காட்டிவிட, ஒரு கார் தரிப்பிடத்தில் நின்று வாங்கினாராம். எங்கள் வாடிக்கையாளர் யாரும் கண்ணில் படாத தூரம் என்று தேர்ந்து போயிருக்கிறார். சிகரெட்கூடப் பிடித்தறியாத மனிதர். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்தார். அறை முழுக்க அந்த மணம் பரவியது. ஈரமான, கூர்மையான, நரி கடந்து போன தோட்டத்தின் மணம்.

“பிடிச்சால் கடை லைசன்ஸ் போயிடுமப்பா,” என்றேன். எங்கள் கடையில் சாராயமும் விற்கிறோம். ஒரு பொலிஸ் எச்சரிக்கை இருந்தாலே கவுன்சில் அந்த உரிமத்தைத் திரும்பிப் பார்க்கும்.

“உந்தப் புண்ணைப் பாரும்,” என்றார். “லைசன்ஸை வைச்சு நான் என்ன செய்யிறது?”

“நந்தன்ரை விசயம்...”

“ஒருக்கால். ஒரே ஒருக்கால் பாப்பம். எனக்கும் பயம்தான்.”

புகைக்க எனக்குத் தெரியாது. சாந்தி அக்கா சொன்னபடி பாலில் வெண்ணெயோடு போட்டுக் காய்ச்சினார். வெயிலில் ஜன்னல்களைத் திறந்தால் மணம் வெளியே போகும், மூடினால் மேல்வீட்டுக்கு ஏறும். மூடினார். தேத்தண்ணி வடியில் வடித்து, சீனி போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். கசந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. ஏமாந்தோம் என்று இருவரும் நினைத்தோம். பிறகு என் வலது தொடைக்குள் யாரோ முடிச்சை அவிழ்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. இடது தொடையும் அவிழ்ந்தது. பாலா ஒரு கையால், ஒரே கையால், என் முழங்கால்களைப் பிரித்தார். அவை மூடவில்லை. தலையணை தேவைப்படாமல் கால்கள் இரண்டும் படுக்கையில் கிடந்தன. அவர் வெந்நீர் கொண்டுவந்து அந்தப் புண்ணை முதன்முறை வடிவாகக் கழுவினார். எவ்வளவு பெரிய புண் என்று அன்றைக்குத்தான் கண்டோம். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உடம்பு என்று ஒன்று இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த மருந்து வேலை செய்தது.

அவர் தண்ணீரை ஊற்றக் குளியலறைக்குப் போனார். வெளியே ஒரு கார் நின்றது. கதவு திறந்து மூடியது. அது எங்களுக்காக வந்த கார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்தது. ஜீனின் கதவு ஞாபகம் வந்தது. பாலா அறைக்கு வெளியே நின்று கடைக்குப் போனில் கதைத்தார். பால் வந்ததா, மிச்சம் எத்தனை பெட்டி என்று கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு வேறு பொருள் இருப்பதாக எனக்கு விளங்கியது.

அப்போது நந்தன் கூப்பிட்டான்.

“அக்கா.”

நினைவில் கேட்கும் குரல் வேறு. இது அறையின் மூலையிலிருந்து, உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து வந்தது. இருபது வயதுக் குரல்.

“அக்கா, அவர் ஆரோடை கதைக்கிறார் எண்டு தெரியுமோ? பாலுக்குள்ள என்ன போட்டவர் எண்டு பாத்தனியோ?”

எனக்கு அவனைக் கண்டு பயம் வரவில்லை. பாலாவைக் கண்டுதான் பயம் வந்தது. அவர் அறைக்குள் வந்து என் நெற்றியைத் தொட்டபோது நான் அலறினேன் என்று பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இருப்பது, அவர் முகம் அவர் முகத்தைப் போலச் செய்யப்பட்டிருந்தது என்பது மட்டும். ஓட வேண்டும் என்று கட்டிலிலிருந்து உருண்டேன். இறுக்கம் போன கால்களில் பலம் என்று ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இறுக்கம்தான் இவ்வளவு நாளும் என்னைத் தாங்கியிருக்கிறது. தரையில் முகம் அடித்து விழுந்தேன். இதயம் தொண்டையில் அடித்தது. நந்தன் இடைவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தான், அன்பாக, அவசரமாக.

பாலா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நிற்பது எனக்குத் தெரிந்தது. சமையலறையில் மிச்சப் பால் பாத்திரத்தில் இருந்தது, மணம் வீடெங்கும் இருந்தது, கடை லைசன்ஸ் இருந்தது. பிறகு அவர் இலக்கங்களை அமுக்கினார். அம்புலன்ஸ் ஆட்கள் வந்து நான் என்ன குடித்தேன் என்று கேட்டபோது, “கஞ்சா. நான் வாங்கினது. நான்தான் காய்ச்சிக் குடுத்தனான். அவவின்ரை தம்பிக்கு மனநோய் இருக்கு,” என்று முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் அதே வரிசையில் சொன்னாராம். வந்தவர்களில் ஒரு பெண் அவருடைய தோளைத் தொட்டு, “நாங்கள் பொலிஸ் இல்லை,” என்றாளாம்.

அவசரப் பிரிவில் இதயத்துக்கு வயர்களைப் பொருத்தினார்கள். என் கண்ணுக்கு அவையும் சந்தேகமாகத்தான் இருந்தன. தூங்கச் செய்ய ஊசி போட்டார்கள். எழும்பியபோது மூலைகள் எல்லாம் வெறும் மூலைகளாக இருந்தன. கால்கள் மீண்டும் இறுகியிருந்தன. பாலா கதிரையில் குனிந்து இருந்தார். நான் அவருடைய பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து, கிட்ட வரலாமோ என்று கேட்பதைப் போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த வருத்தத்தைவிடவும் அதிகமாக நினைத்துப் பயப்படுகிறேன்.

மனநல டொக்டர் பெண். நைஜீரியர் என்று நினைக்கிறேன். நந்தனைப் பற்றி நிறையக் கேட்டார். அவன் என்ன சாப்பிடுவான், பாட்டுப் பாடுவானா என்றுகூடக் கேட்டார். பிறகு சொன்னார்: “தெருவில் விற்கும் இந்தச் செடி இப்போது மிகவும் வீரியமானது. எவ்வளவு குடித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் இப்படி நடக்கலாம். ஒருநாள் நடந்ததால் தம்பியின் நோய் உங்களுக்கு வந்துவிட்டது என்று பொருள் இல்லை.”

“வராது என்றும் பொருள் இல்லை.”

“இல்லை,” என்றார். “அதனால் அந்த ஸ்பிரேக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இனி யாரும் போடவும் கூடாது.”

எனக்குத் தகுதி இல்லை. மேன்முறையீடு என்று மிச்சம் இருந்த ஒரே வழியும் அன்றைக்கு அடைபட்டது. ஆச்சரியம் என்னவென்றால் எனக்கு அழுகை வரவில்லை. ஃபீனோல் மட்டும்தான் மிச்சமா என்று நிபுணரிடம் கேட்டேன். அவர் வயிற்றுக்குள் வைக்கும் பம்பைப் பற்றிச் சொன்னார்; வேறு ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதால் முதலில் அதைச் சொல்லவில்லையாம். நான் முதலில் விழுங்கிய அதே மாத்திரையின் மருந்து. ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் சொட்டும். நேரே போவதால் மிகச் சிறிய அளவு போதும், நித்திரை அடிக்காது. முதலில் ஊசியால் ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். கால்கள் தளர்ந்தன. நான் மூலைகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒப்பரேஷன் நடந்தது. இப்போது என் தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்குக் கீழே, கையால் தொட்டால் தட்டுப்படும் வட்டமான உலோகம் ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை தோலின் மேலால் ஊசி குத்தி மருந்து நிரப்புவார்கள். மருந்து குறைந்தால் அது கீச்சிடும். அந்தச் சத்தத்தை ஆஸ்பத்திரியில் ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். கேட்டால் உடனே வர வேண்டும்; மருந்து திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து என்று பாலாவிடம் இரண்டு முறை சொன்னார்கள். புண் ஆறிவருகிறது. நான் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறேன். பாலாவின் அக்கா குடும்பத்தில் இரண்டு பேர் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. மற்றவர்களைப் பற்றி இன்னும் இல்லை. பொலிஸ் வரவில்லை. ஆனாலும் கடைக்கு முன்னால் கார் நின்றால் பாலா நிமிர்ந்து பார்க்கிறார்.

பாலா வாங்கி வந்ததைத் தவிர, கடைக்கு வருகிறவர்களிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அதனால் கதை பரவியது. போன வாரம் சட்டனிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுப் போன் இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தாள். அவளுடைய கணவருக்கு இதே நோய். கால் இழுத்து, இரவில் கத்துகிறாராம். ஸ்பிரேக்கு எழுதிப் போடுவதாக அவர்களுடைய டொக்டர் சொல்லியிருக்கிறார். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொன்னால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தேன். “அவரின்ரை ஆக்களில ஆருக்கும் மனவருத்தம் இருந்ததோ எண்டு கேப்பினம்.”

மறுமுனையில் ஒரு குழாயில் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவள், பக்கத்தில் யாரோ நிற்பதைப் போல மிக மெதுவாகக் கேட்டாள்.

“அதைக் கட்டாயம் சொல்லத்தான் வேணுமோ, அக்கா?”

“ஆருக்கு, தங்கச்சி?” என்றேன்.

“தகப்பனுக்கு. இவருக்கு அது தெரியாது. மாமி எனக்கு மட்டும்தான் சொன்னவ.”

பாலாவைப் பார்த்தேன். அவர் எழும்பி வந்து டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

“முதல்ல அவருக்குச் சொல்லும்,” என்றேன் அவளிடம். “டொக்டருக்குப் பிறகு சொல்லலாம்.”

அவள் அழத் தொடங்கினாள். நான் போனை வைக்கவில்லை.